ஐந்து மீட்டருக்கு இரண்டு அட்டை

நில அளவை அலுவலகத்தில் பன்னிரண்டு ரிங்கிட் கட்டி
வாங்கி வந்த வரைபடத்தில்
சுங்கை மெராந்தியின் குன்று
யாரோ பெருவிரலை மையில் தோய்த்து
ஒற்றி எடுத்த மாதிரி இருந்தது.

குணாளனின் இரும்புக்கடைப் பின்கட்டில்
சாயத் தோம்புகளைத் தள்ளிவிட்டு
மைலோ பெட்டிகளைப் பிரித்துப் போட்டோம்.
ஐந்து மீட்டருக்கு ஒரு கோடு,
கோட்டுக்கு ஓர் அட்டை என்றுதான் தொடங்கினேன்.
அடுக்கிப் பார்த்தால்
ஆறிப்போன ரொட்டி சானாய் போலப் படுத்துக் கிடந்தது.
"இதைப் பார்த்து எந்த அதிகாரி பயப்படுவான்?"
அதனால் இரண்டு அட்டை.
உயரம் மூன்று மடங்கு.
மூலையில் அதை எழுதியும் வைத்தேன்,
சின்ன எழுத்தில்.

பால்மரத்து வெட்டு சரிந்து சரிந்து இறங்கும்.
இந்தக் கோடு இறங்காது, ஏறாது.
சுற்றி வந்து தன் வாலைத் தானே பிடிக்கும்.
கத்தியைத் திருப்பும்போது கைக்குத் தெரிந்துவிட்டது:
பதினொரு வருஷம்
முதுகில் மருந்துத் தோம்போடு
செம்பனை நிரையில் நடந்த வளைவு.
மூச்சு வாங்காத இடமெல்லாம்
ஒரே கோடு.

மேற்கே கோடுகள் நெருங்கி
பிளேடு நுழைய இடமில்லை.
அங்கேதான் புது வீடமைப்புக்கு மலையைச் சீவுகிறார்கள்.
அங்கிருந்துதான் நவம்பரில் எங்கள் வீடுகளுக்குச்
சேறு வந்தது என்று
நூற்று நாற்பது கையெழுத்து.
முதல் கையெழுத்து என்னுடையது.

செவ்வாய் இரவு, பசை காய்ந்ததும்
பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி
தேத்தண்ணிக் கேத்தலைச் சாய்த்தோம்.
மேற்கில் ஊற்றிய நீர்
மேற்கேயே போய்
பாலத்தடியில் ஆற்றைச் சேர்ந்தது, ஒழுங்காக.
துடைத்துவிட்டு மறுபடி ஊற்றினோம்.
குணாளன் மேசையை அழுத்துகிறானோ என்று
ரசமட்டம் வைத்துக்கூடப் பார்த்தேன்.

கிழக்கில் ஊற்றியதுதான் வீட்டுக்கு வந்தது.
திடலில் முட்டி, திரும்பி.
போன வருஷம் நாங்களே
எட்டு லோரி மண் கொட்டி உயர்த்திய பந்துத் திடல்.
வரைபடத்தில் அது இல்லை.
விட்டுப்போகக் கூடாதென்று
தீப்பெட்டி அட்டையில் வெட்டி
நான்தான் ஒட்டியிருந்தேன்.

"அட்டை கரையாது, தவமலர். மண் கரையும்.
இது எதையும் நிரூபிக்காது"
என்றான் குணாளன்.
அதுவும் சரிதான்.
நகத்தால் திடலைப் பெயர்த்து
என் உள்ளங்கையில் வைத்தான்.

புதன் காலை, பத்து மணிக்கு விசாரணை.
லோரியின் முன்சீட்டில்
குன்றை மடியில் வைத்துக்கொண்டு போகிறேன்.
ஒவ்வொரு குழியிலும் உச்சி என் தாடையில் இடிக்கிறது.
கைப்பையில் திடல் இருக்கிறது.
பசை டப்பாவும்.