அரைப் பேர்

நாற்பத்தேழில்
எண்ணி முடிக்க விடிந்துவிட்டது.
நுவரெலியாக் கச்சேரியில்
பெற்றோல்மாக்ஸுக்கு இரண்டு தடவை காற்றடித்தோம்.
நீலப் பெட்டியைக் கவிழ்த்தபோது
சீட்டுகளோடு ஒரு வெற்றிலைக் காம்பும்
யாரோ கும்பிட்டுப் போட்ட செவ்வந்தியும் விழுந்தன.
'செல்லாத வாக்கு' என்று
பூவைத் தனியே வைத்தார் பிலிப்ஸ் ஐயா.
தொகுதி கைமாறியது.
துரைமார் கிளப்பில் அன்றிரவு
பில்லியர்ட்ஸ் மேசைக்குப் போர்த்திய துணியை
எடுக்கவே இல்லையாம்.

ஐம்பத்திரண்டின் இடாப்பை
அடித்தவன் நான்.
ஒரு ரெமிங்டன், மூன்று காபன் தாள்.
பத்தாம் நம்பர் லயத்தில்
பழைய இடாப்புப்படி நாற்பத்தொரு பேர்.
புதியதில் ஒரு தலைப்பு, ஒரு கோடு,
அடுத்த வரியிலேயே
கணக்கப்பிள்ளையின் பங்களா.

யாரும் மனம் மாறவில்லை.
ஒருவரும் கட்சி தாவவில்லை.
என் விரல் அடிக்காமல் விட்ட வெள்ளையில்
தொகுதி மறுபடி கைமாறியது.
ரிப்பன் மிச்சம் என்று
சந்தோஷப்பட்டேன் அன்றைக்கு;
அதையும் எழுதத்தான் வேண்டும்.
என் பெயர் கரவெட்டியில்
அப்புவின் பெயருக்குக் கீழே
எழுத்துப் பிழையில்லாமல் இருந்தது.

வாக்குச் சாவடி மேசைக்கும்
என்னையே போட்டார்கள்.
பதினொரு மணிபோல் சிலம்பாயி வந்தாள்.
கூடையை வாசலில் இறக்கி,
கம்பளியில் மழையை உதறி,
முந்தானை முடிச்சவிழ்த்து
அந்தத் தேர்தலின் துண்டை நீட்டினாள்,
மடிப்பில் நாலாய்க் கிழிந்திருந்தது.
தேடினேன்.
இல்லையென்று தெரிந்த பக்கத்தை
விரல் வைத்துத் தேடினேன்.

"பேர் இல்லையம்மா."

"காலையில பெரட்டுல கூப்பிட்டாங்களே ஐயா,
செக்ரோல்ல இருக்கே."

"அது வேற. இது வேற."

யோசித்தாள்.
கொழுந்து நிறை குறைந்த நாளில்
தராசடியில் நின்று கேட்கும் குரலில்
கேட்டாள்:
"அப்ப ஒரு அரைப் பேராச்சும் போடுங்க."

பொலிஸ்காரர் சிரித்தார்.
எனக்குப் பின்னால் நின்றவரும் சிரித்தார்.
நானும்
கொஞ்சம் சிரித்தேன் என்றுதான் ஞாபகம்.

அந்த முறை
வெளிச்சம் இருக்கும்போதே எண்ணி முடித்தோம்.
பெற்றோல்மாக்ஸை அலுமாரிக்குள் திருப்பி வைக்கையில் பார்த்தேன்,
கண்ணாடிக்குள்
எந்த வருடத்து ஈசலோ,
ஒற்றை இறகு.