பதினொன்று

பேருந்துப் படியில்
முதுகைக் காட்டித்தான் இறங்க முடிந்தது.
தஞ்சாவூர், விடிகாலை நாலே கால்.
"எங்கயும் விழுந்துட்டாங்களா?" என்றார் நடத்துநர்.
"இல்ல, ஜெயிச்சுட்டாங்க" என்றாள் மெகராஜ்.
முடித்த நாற்பத்து மூன்று பேரில்
நான் நாற்பத்தோராவது ஆள்.

கூட்டுறவுச் சங்கத்தில்
உர மூட்டைக்கு ரசீது போடுகிறவள்.
எனக்கும் மலைக்கும்
கொடுக்கல் வாங்கல் எதுவும் இருந்ததில்லை.
நாலு பகல், மூன்று இரவு, நூற்றெண்பது கிலோமீட்டர்
என்று சொன்னால் "எதுக்கு?" என்கிறார்கள்.
அந்தக் கட்டத்தை நானும் நிரப்பாமல்தான்
விண்ணப்பத்தை அனுப்பினேன்.

பயிற்சிக்கு மேடு வேண்டுமாம்.
திருவையாற்றுக்காரிக்கு மேடு என்றால்
பாலத்துக்கு ஏறுகிற சாலைதான்.
தஞ்சாவூர் போய்த் திரும்பினால்
ஐந்து ஆறு, பத்து ஏற்றம்.
பின்னாலேயே முனகிக்கொண்டு வரும்
மெகராஜின் எக்ஸெல்.
ஒருநாள் செங்கல் லாரிக்காரர் ஒருவர்
வண்டியை நிறுத்தி இறங்கி வந்து
"ஏம்மா, பாவம் அந்தப் பொண்ணையும் ஏத்திக்கக் கூடாதா?"
என்று அவளைத் திட்டிவிட்டுப் போனார்.

மலை அப்படி இல்லை.
நாம் நின்ற பிறகும் அது ஏறிக்கொண்டே இருக்கிறது.
மூன்றாம் இரவு மழை.
நெற்றி விளக்கின் வட்டத்துக்குள்
இரண்டு கால்கள் போய்க்கொண்டிருந்தன.
என்னுடையவையா என்று விசாரிக்கத் தெம்பில்லை.
ஏலக்காய் உலர்த்தும் கொட்டகையில்
பதினாலு மணி நேரமாக உட்கார்ந்திருந்தாள்,
ஃபிளாஸ்கில் கஞ்சியோடு.
காலுறையைக் கழற்றினாள். ஒரு நகமும் கூடவே வந்தது.
அதை எறியாமல்
மாத்திரை உறைக்குள் போட்டு வைத்தாள்.
"கணக்குல வரட்டும்."

"முடியல மெகராஜ். இன்னும் எவ்ளோ?"

கையில் இருந்த தாளைப் பார்க்காமலே சொன்னாள்:
"பதினொண்ணு."

பதினொண்ணுதானே.
எழுந்துவிட்டேன்.
முதல் ஏற்றத்தை வடவாறு என்று வைத்துக்கொண்டேன்.
அட்டை கடித்த வழுக்குப் பாறை, வெண்ணாறு.
வெட்டாற்றில் வாந்தி எடுத்தேன்.
குடமுருட்டி வருவேனா என்றது.
வந்தது.
அதற்கப்புறம் ஒரு காவிரிதான் பாக்கி,
ஆனால் ஒன்று முடிந்ததும் இன்னொரு காவிரி,
அதன் பின்னால் இன்னொன்று.
ஏதோ கணக்கு இடிக்கிறது என்று தோன்றியபோது
கோடு வந்துவிட்டது.

இப்போது எக்ஸெல் பின்சீட்டில்
மூட்டையாகச் சாய்ந்து போகிறேன்.
இரண்டு பக்கமும் தண்ணீர் கட்டிய வயல்,
எங்கேயும் எதுவும் எழுந்து நிற்கவில்லை.
இவ்வளவு சமமான மண்ணில்
நாற்பத்து நாலு வருஷம்
என்னத்தைப் பார்த்து மூச்சு வாங்கினேன்?

குடமுருட்டிப் பாலத்தின் நடுவில்
வண்டியை நிறுத்தினாள். எஞ்சினை அணைக்கவில்லை.
"கோதை, அன்னிக்கு பதினொண்ணு இல்ல."
"பின்ன?"
"பத்தொம்பது."

திட்டுவதற்கு வாயைத் திறந்தேன்.
கொட்டாவி வந்தது.
கீழே முறை வைத்து விட்ட தண்ணீர்
அளவாகப் போய்க்கொண்டிருந்தது.
"அதென்னடி பதினொண்ணு? அஞ்சுன்னு சொல்லியிருக்கலாமே."
"அஞ்சுன்னா நம்பியிருக்க மாட்ட.
உங்க வாசல்லேர்ந்து தஞ்சாவூரு பதினொண்ணு.
உன் காலுக்கு அது பழக்கம்."

அவள் செருப்பின் வார் அவிழ்ந்து கிடந்தது.
வீங்கிய பாதம் உள்ளே போகவில்லை.
மீதி எட்டுக் கிலோமீட்டரை
அந்தக் கொட்டகையில், யாரிடமும் சொல்லாமல்,
இவள்தான் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

"இப்ப எவ்ளோ இருக்கு?"
"ரெண்டு."
"நெஜமா?"
பதில் இல்லை. கழுதை, சிரிக்கிறாள்.

காவிரிப் பாலம் ஏறுகிற இடத்தில்
நிறுத்தச் சொல்லி இறங்கினேன்.
இல்லாத பாறைகளைத் தாண்டுகிறவளாக
காலை அளவுக்கு மீறித் தூக்கித் தூக்கி வைத்து
நடந்தே ஏறினேன்.
பின்னால் எக்ஸெல் முனகிக்கொண்டு வந்தது.

எதிரே வந்த பால்காரர் வேகத்தைக் குறைத்து
என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்,
திட்டுவதற்கு வாயெடுத்தார்.