அசைவு இருந்தால் மட்டும்

எட்டு கேமரா, முப்பது நாள் என்றார் முனவ்வர் பாய்.
எதைத் திருடினாலும் முப்பது நாளைக்குள்
எவனாவது கேட்டு வந்துவிடுவான் என்பது அவர் கணக்கு.

பில் புத்தகத்தின் பின்னட்டையில் என் கணக்கைப் போட்டேன்.
கேமராவுக்கு நொடிக்கு இரண்டு மெகாபிட்.
எட்டால் வகுத்து, ஒரு நாளின் எண்பத்தாறாயிரத்து நானூறு நொடியால் பெருக்கினால்
இருபத்தொரு ஜிபியும் சில்லறையும்.
எட்டுக்கும் சேர்த்து நூற்று எழுபத்து மூன்று.
முப்பது நாளைக்கு ஐந்து டிபியைத் தாண்டிவிட்டது.
ஆறு டிபி டிஸ்க் வேணும் பாய்.

விலையைச் சொன்னதும் விசிறியை நிறுத்தினார்.
"ரெண்டு பத்தாதா?"

ரெண்டு பதினோரு நாளில் நிரம்பும்,
அப்புறம் பழசைத் தின்றுதான் புதுசை எழுதும்.
வேலை கைநழுவிப் போகிற பயத்தில் ஒரு வழி சொன்னேன்:
அசைவு இருந்தால் மட்டும் பதியட்டும்.
லாட்ஜ்தானே, பத்து மணிக்கு மேல் யார் நடக்கப்போகிறார்கள்.
நாளுக்கு எட்டு மணி நேர அசைவு, மூன்றில் ஒரு பங்கு.
முப்பத்துநாலு நாள் வந்தது.
நாலு நாள் உங்களுக்கு இனாம் என்றேன்.

சத்துவாச்சாரியில் பிறந்த நான்
அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.
பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்து அது.
பெயர்ப்பலகையில் தமிழைவிட வங்காளம் பெரிது.
அறைக்கு ஒரு ஸ்டவ், இரண்டு குண்டான், நாள் வாடகைக்கு.
டோக்கனுக்கு நாலு மணிக்கே செருப்பு மாட்டுகிறவர்கள்,
வெயில் இறங்காத மொட்டைமாடியில்
ரிசல்ட் வரும்வரை பாய் விரித்துக் கிடப்பவர்கள்.

மூன்றாம் வாரம் போன்.
"பதினாலு நாள்தாம்ப்பா காட்டுது. மத்தது எங்க?"

மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தேன்.
இரண்டாம் கேமராவில் ஒரு திரைச்சீலை
இரவு முழுக்க ஆளாக நடித்துக்கொண்டிருந்தது.
ஆறில், கொடியில் காயும் ஈரத் துண்டுகள்.
அவற்றின் மேல் கட்டம் இழுத்தேன்,
இந்த இடத்து அசைவு கணக்கில் இல்லை என்று.
பதினேழு நாளானது.

ஐந்தில் அவர்.
கட்டம் போட்ட லுங்கி, தோளில் ஒரு பிள்ளை.
ஒரு மணிக்குத் தொடங்கி நாலரை வரை
ஜன்னலில் திரும்பி, பாத்ரூம் கதவில் திரும்பி,
ஜன்னலில் திரும்பி.
உதடு அசைகிறது.
ஒலி பதிவதில்லை, பாய் மைக்குக்குக் காசு கொடுக்கவில்லை.
அடுத்த இரவும். அதற்கடுத்த இரவும்.
பழக்கதோஷம், கை தானாக பின்னட்டைக்குப் போனது:
மூன்றரை மணி நேரம், ஒரு கேமரா,
மூன்று ஜிபி சொச்சம்.
ஒரு பிள்ளையைத் தூங்கவைக்க ஆகிற இடம்.

ஒரு கட்டம் இழுத்தால் போதும்,
அவர் நடக்கிற தரை அசையாத தரையாகிவிடும்.
மௌஸை அங்கே கொண்டுபோனேன். எடுத்துவிட்டேன்.
பாயிடம், டிஸ்க் புதுசு, இன்னும் படியவில்லை என்று
வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு வந்தேன்.

பத்து நாள் கழித்து
முன்வாசல் கேமராவில் சிலந்தி வலை, துடைக்கப் போனேன்.
பதினேழு பதினேழரை ஆகியிருந்தது.
அரை நாளை பாய் கவனிக்கவில்லை, யார் கவனிப்பார்?
ஐந்தாம் கேமராவில் போன செவ்வாயிலிருந்து
ஒன்று முதல் நாலரை வரை பச்சைக்கோடே இல்லை.

ரிஜிஸ்டரைப் புரட்டினேன்.
சுபல் மண்டல், மால்டா. நோயாளி ஒன்று, துணை ஒன்று.
209. அட்வான்ஸ் திருப்பியாச்சு.
"போயிட்டாங்க" என்றார் பாய், ரசீது கிழித்துக்கொண்டே.
அந்தச் சொல்லை எப்படி எடுத்துக்கொள்வது என்று
கேட்க வாய் வரவில்லை.

செவ்வாய், மாலை ஐந்து பன்னிரண்டில்
ஐந்தாம் கேமராவில் ஒரு சிறு பச்சைத் துண்டு இருக்கிறது.
நாற்பது நொடிகூட இருக்காது.
பையோடு போகிறார்களா, எத்தனை பேர் போகிறார்கள்,
தோளில் என்ன இருக்கிறது,
ஒரு தட்டு தட்டினால் தெரிந்துவிடும்.

வலையைத் துடைத்ததற்கு நூற்றைம்பது வாங்கிக்கொண்டேன்.
அழிய இன்னும் பதினோரு நாள் இருக்கிறது.
தினமும் அந்தச் சந்து வழியாகத்தான் வண்டியில் போகிறேன்.