இருபாலரும் வருக

அருவங்காட்டுத் தொழிற்சாலைச் சங்கு
ஊதி அடங்கும் முன்
மேடையேறிவிட வேண்டும் என்றார் செயலாளர்.
ஆண்டுவிழா. எனக்குப் பன்னிரண்டு வயது.
ஏட்டு வேஷம் கட்டவேண்டிய ஜெபசிங்குக்கு
அம்மை போட்டிருந்தது.
அப்பாவின் காக்கிச் சட்டை என் முழங்காலைத் தொட்டது.
மைதாப் பசையில் மீசை.
அந்தப் பனியில் பசை காயவே இல்லை.
நடுவசனத்தில் நழுவி உதட்டுக்கு வந்ததை
உரித்துப் பையில் போட்டுக்கொண்டு
“டூட்டி முடிஞ்சது” என்றேன்.
மூன்று ஷிப்ட் வெடிமருந்து வாசனையும்
சேர்ந்து சிரித்தது.

இதுதான் முதல் காட்சி.
இப்போது ஐம்பத்தொன்று எனக்கு.
குன்னூரில் ஒரு வாசகசாலை மாடி,
நாற்பது நாற்காலிக்கு இருபத்தாறு பேர்.
நோட்டீஸில் போடச் சொல்லி
‘இருபால் ஈர்ப்பாளர் ஒருவரின் ஓராள் நாடகம்’
என்று எழுதிக் கொடுத்திருந்தேன்.
பிழை என்று நினைத்தார் அச்சகக்காரர். நல்ல மனுஷன்.
‘ஓராள் நாடகம். இருபாலரும் வருக’
என்று திருத்தி அடித்துவிட்டார்.

இரண்டாம் காட்சியில் மேசை, விளக்கு, நான்.
எழுதினேன். பத்திரிகைகள் போட்டன.
காதல் கவிதைகளில் எல்லாம்
அவர் வந்தார், அவர் போனார்,
அவர் நனைந்த மழைக்கோட்டை ஆணியில் மாட்டினார்.
நான் ‘அவர்’ என்றுதான் எழுதினேன்.
மீசையை ஒட்டியது நீங்கள்.

ஆண்பால், பெண்பால், பலர்பால் என்று
பலகையில் கோடு கிழித்த ரோஸ்லின் டீச்சர்
மரியாதைக்கு ஒருவரைப் பலராக்கலாம் என்றார்.
அந்த இடுக்கில்
பதினேழு வருஷம் குடியிருந்தேன்.
மொழி வாடகை கேட்கவில்லை.

ஹாலன் கேரட் லாரி ஓட்டியவர்.
கேத்தியில் கழுவிய மூட்டைகளை
விடியுமுன் மேட்டுப்பாளையம் மண்டியில் இறக்கிவிட்டுத்
திரும்பும் காலி வண்டியில்
என் திரைச்சீலை, தகரப்பெட்டி, மர நாற்காலி, நான்.
பர்லியாரில் எஞ்சின் சூடேறி நின்ற இரவு
அவர் கையில் டீசல், மண், கேரட் தழை.
அப்புறம் பதினோரு வருஷம்.
அதில் ஒரு நிமிஷமும் பொய்யில்லை.

நூர்நிஷா பெட்ஃபோர்டில் தையல் கடை வைத்தவர்.
ஏட்டுச் சட்டையைப் பிரித்துத் தைக்க
என் தோளை அளந்தார்.
ஊசியைப் பல்லில் கடித்தபடி
“மூச்ச விடுங்க, அளவு தப்புது” என்றார்.
விட்டேன்.
அளவு தப்பித்தான் போயிற்று.

முன்னது ஒத்திகை, பின்னது அரங்கேற்றம்
என்றது ஒரு கூட்டம்.
முன்னது வாழ்க்கை, பின்னது வேஷம்
என்றது இன்னொன்று.
சர்ச்சில் என் அத்தை
ஒன்றும் சொல்லாமல் பெஞ்சு மாறினாள்.
கோவையிலிருந்து வந்த தோழிகளோ
“அப்ப இத்தனை நாள் மறைச்சிட்டியா பியூலா” என்று
பாதி வருத்தமாய், பாதி பாராட்டாய்க் கேட்டார்கள்.
மறைத்தேன்.
நூரை மட்டும்.
ஹாலனை மறைக்கச் சொல்லி யாரும் மிரட்டவில்லை,
அவ்வளவுதான் வித்தியாசம்.

நாடகம் முடிந்து கேள்வி நேரம்.
குரங்குக் குல்லா போட்ட ஒருவர் எழுந்து
“இதுல எதும்மா நிஜம்?” என்றார்.
தகரக் கூரையில் மழை. கரண்ட் போயிற்று.
இருட்டுக்குள் நின்று ஏதோ சொன்னேன்.
நன்றாகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன்.
எனக்கே காதில் விழவில்லை.
யாரோ தும்மினார்கள்.
ஒரே ஒருவர் ரொம்ப நேரம் கைதட்டினார்.

கீழே லாரி.
பிரிந்த புதிதில் இரண்டு வருஷம் ஹாலன் வரவில்லை.
குடும்பக் கோர்ட்டில் நான் கையெழுத்திட்ட பேனா
அவருடையது, இன்னும் என்னிடம் இருக்கிறது.
இப்போது பாதி வாடகைக்கு வருகிறார்.
மழை நின்று பனி இறங்கிவிட்டது.
நாற்காலிமேல், தார்ப்பாய்க்கு நடுவில் நான்.
ஒரு பக்கமிருந்து கயிறு பறந்து வந்தது,
மறுபக்கம் பிடித்துக்கொண்டது.
முடிச்சு விஷயத்தில் இருவருக்கும் ஒத்துவராது.
“இழுங்க” என்றார் அவர்.
“இழுத்தாச்சு” என்றார் அவர்.
என் மேலுதட்டில் பசை பிசுபிசுத்தது.
“சீக்கிரம், வர்க்கிக் கடை மூடிருவான்”
என்றார் அவர்.