பத்தாம் எண் பூட்ஸ்

உபோன் ஆஸ்பத்திரியில் கொடுத்த
ரப்பர் பூட்ஸ் பத்தாம் எண்.
தொங்சுக்கின் கால் எட்டு.

மேகாங் பக்கத்து ஜூலை மழை. நாற்று நடவு.
சேறு முதலில் இடது பூட்ஸை உருவிக்கொண்டது,
அப்புறம் வலதை.
வெறுங்காலோடு கரையேறிச் சிரிக்கிறார்:
சர்க்கரை ஏறிய ரத்தம், குதிகாலில் வெடிப்பு.

போன வருடம் இதே மாதம்
பக்கத்து வயல் கம்மூனுக்குக் காய்ச்சல்.
ஒன்பதாம் நாள் நுரையீரல் முழுக்கச் சீழ்.
"மண்ணைத் தொட்டாரா?" என்றாள் நர்ஸ்.
அவர் மனைவிக்குக் கேள்வியே புரியவில்லை.

ராத்திரி டார்ச் அடித்து
இவர் பாதத்தைப் படிக்கிறேன்.
நகக்கண்ணில் கறுப்பு.
ஊசியால் எடுக்கிறேன், சோப்புத் துணியால் துடைக்கிறேன்,
மறுபடி எடுக்கிறேன்.
தூக்கத்தில் காலை இழுத்துக்கொள்கிறார்.

பிறகுதான் பார்த்தேன்,
என் விரல் நுனியில்
ஊசி குத்திய ரத்தம்.
அதன்மேல் எங்கள் வயல்.