க/பெ

திங்கட்கிழமைதான் தெரிந்தது
நானூற்றுப் பன்னிரண்டு கடிதமும்
ஒரே ஆளுக்கு எழுதப்பட்டிருக்கிறது என்று.
'மதிப்பிற்குரிய $peyar அவர்களுக்கு,
தங்கள் பட்டுக்கூட்டு நிலுவைத் தொகை…'
நூறு தபாலில் போய்விட்டது.
மிச்சம் மேசைமேல்.

இண்டூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிட்டாள் வெள்ளச்சி.
கடிதத்தைக் கவுன்டரில் விரித்து
அந்தக் குறிமேல் விரல் வைத்தாள்.
"இது டாலருன்னு எம்பையன் சொல்றான்.
இந்த வாட்டி டாலர்லயா குடுக்கறீங்க?"

கண்காணிப்பாளர் தேவகுரு சிரிக்கவில்லை.
தாளுக்கு என்ன விலை தெரியுமா என்றார்.

தப்பு என்னுடையது.

sed 's/PEYAR/$peyar/'

ஒற்றை மேற்கோளுக்குள் எது இருந்தாலும்
ஷெல் திறந்து பார்க்காது,
அப்படியே கைமாற்றிவிடும்.
கீழே ஏலக்கூடத்தில்
கூட்டைக் காதோரம் குலுக்கிக் கேட்கிறார்கள்
உள்ளே உருள்கிறதா, ஒட்டிக்கிடக்கிறதா என்று.
ஷெல்லுக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

இரட்டை மேற்கோள் போட்டேன்.

sed "s/PEYAR/$peyar/"

கோ. மாதப்பன் வந்தார்.
சி. பெரியண்ணன் வந்தார்.
நல்லம்பள்ளி, காரிமங்கலம், ஏரியூர்,
இனிஷியல் வைத்த அத்தனை ஆண்களும்
வரிசையாக அச்சாகி வந்தார்கள்.
பெண்கள் ஒருத்திகூட வரவில்லை.
ஒவ்வொரு பெண்ணுக்கும் திரையில் ஒரே புகார்:
இது எனக்குத் தெரியாத விருப்பம்.

அரை மணி நேரம் எனக்கும் தெரியவில்லை.
பிறகு பட்டியலை வாய்விட்டுப் படித்தேன்.
வெள்ளச்சி க/பெ மாதையன்.
கட்டளையைப் பிரிக்க நான் வைத்ததும் அதே சாய்கோடு.
'க'வோடு பெயர் முடிந்தது என்று sed நினைத்துக்கொள்கிறது,
'பெ'யை உத்தரவாக எடுத்துக்கொள்கிறது,
அப்படி ஓர் உத்தரவு இல்லையே என்று நின்றுவிடுகிறது.
அதைக் குறைசொல்ல முடியாது.

சாய்கோட்டை எடுத்துவிட்டுச் செங்கோடு வைத்தேன்.
s|PEYAR|$peyar|
யாருடைய பெயரிலும் அது இல்லை,
இந்த மாவட்டத்தில் இதுவரை.

மாரண்டஅள்ளி ரங்கநாதா & கோ மட்டும்
'ரங்கநாதா PEYAR கோ' என்று வந்திருந்தது.
& என்றால் 'தேடிக் கிடைத்ததையே திரும்பப் போடு' என்று பொருளாம்.
அதற்கு முன்னால் ஒரு பின்சாய்கோடு.
டீ ஆறிப்போய்விட்டது.

வெள்ளச்சி அதுவரை பெஞ்சில்தான் இருந்தாள்.
புதுக் கடிதத்தை நீட்டினேன்.
எழுத்துக்கூட்டிப் படித்தாள்.
"மாதையன் பேரு எதுக்கு இதுல?
புழுவுக்கு ராத்திரியெல்லாம் தழை போட்டது அவனா?
அவன் ஓசூருக்குப் போயி ஏழு வருசம். எடுத்துடும்மா."

ஆதார் அட்டையில் அப்படித்தானே இருக்கிறது என்றேன்.
"அது அட்டை" என்றாள்.

சாய்கோடு இப்போது கட்டளைக்கு இடைஞ்சல் இல்லை.
இருந்தாலும் கோப்பைத் திறந்தேன்,
அவள் வரியில் கர்சரை வைத்துப்
பின்னாலிருந்து ஒவ்வோர் எழுத்தாக அழித்தேன்.
வங்கியில் கேட்டால் என்ன சொல்வாள் என்று
நான் கேட்கவில்லை.

வீணான தாள்களைத் தேவகுரு
கால்கால் துண்டாகக் கிழிக்கச் சொன்னார்.
இந்த வாரம் எடைச்சீட்டு அதன் பின்பக்கத்தில்தான்.
கூடு போட வருகிறவர்கள்
கிலோவைப் பார்த்துவிட்டுத்
திருப்பிப் பார்க்கிறார்கள்.
மதிப்பிற்குரிய $peyar
சிலருக்கு. சிலருக்கு
வெறும் 'அவர்களுக்கு'.