ஒரே எச்சில்

கிங்ஸ்டனிலிருந்து வந்த ஆராய்ச்சிக்காரர்கள்
இரண்டு குப்பிகள் நீட்டினார்கள்.
ஒன்றில் அர்லீன் துப்பினாள், இன்னொன்றில் நான்.
ஆறு வாரம் கழித்துக் கடிதம் வந்தது:
வேறுபாடு இல்லை.
இதைச் சொல்லவா இவ்வளவு எச்சில், என்றாள் அம்மா.
பதினொரு நிமிட இடைவெளியில்
எங்களைப் பெற்றவளுக்குத் தெரியாதா.

முதலில் வந்தது நான்.
அதை இங்கே எழுதிவைக்கிறேன்,
வேறெங்கும் அது எழுதப்படவில்லை.

கிறிஸ்டியானா பள்ளியில் புல்தான் தடம்.
சுண்ணாம்புக் கோடு மழைக்குக் கரைந்துவிடும்,
செம்மண் மட்டும் காலுறையை விட்டுப் போகாது.
பன்னிரண்டு வயதில் இருவரும் ஒன்றாய் முடித்தோம்.
கடிகாரம் பிடித்தவர் உற்று உற்றுப் பார்த்துவிட்டு
ஒரே எண்ணை இரண்டு முறை எழுதினார்.

அப்புறம் நடந்ததற்குப் பெரிய கதை கிடையாது.
ஓடும்போது எனக்குப் பக்கவாட்டில் பார்க்கப் பிடிக்கும்.
வேலியோரம் ஆடு, யாரோ ஒருவனின் மஞ்சள் சட்டை,
அடுத்த தடத்துப் பெண்ணின் வாய் கோணுவது.
அர்லீனுக்கும் பிடிக்கும்தான்.
அவள் விட்டுவிட்டாள். நான் விடவில்லை.

பத்து வருடம், விடியுமுன் நாலரை மணி.
இடுப்பில் கயிறு, மறுமுனையில் இரும்புச் சறுக்கு.
ஐஸ் தொட்டியில் பல் கிட்டிப்போய் உட்கார்ந்தபடி
எனக்குப் போன் செய்வாள். பேச மாட்டாள்,
மூச்சு மட்டும் கேட்கும்.
தொடைத் தசை கிழிந்த வருடம் முழுக்கப்
படிக்கட்டில் பின்பக்கமாக இறங்கினாள்.
துப்பாக்கி வெடித்த பிறகு முதல் ஏழு எட்டுக்குத்
தலை தூக்காமல் இருக்க மட்டும்
இரண்டு கோடைகள் பிடித்தன.

அந்த நாட்களில் நான் மாண்டெவில்லில்
கூரைத் தகடு அளந்து வெட்டிக்கொண்டிருந்தேன்.
ஓர் அங்குலம் கூடினால் முதலாளிக்கு நட்டம்,
குறைந்தால் யார் வீட்டிலோ மழை.

ஒசாகாவில் அவள் உலகத்தை ஜெயித்தபோது
எங்களுக்குக் காலை, கடை ஷட்டர் பாதி திறந்திருந்தது.
பிறவி வேகம், என்றார் டிவியில் ஒருவர்,
கிழங்கு தின்று வளர்ந்த கால்கள்.
கடையில் எல்லோரும் தலையாட்டினார்கள்.
போனில் அர்லீன் அழுதாள். சந்தோஷம் என்று நினைத்தேன்.
'பிறவியா? அப்படியானால் நீ எங்கே?' என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது.
மறுக்க வழியில்லாததால் வந்த கோபம்.
அடுத்த சேனலில் ஒருத்தி, எல்லாம் உழைப்பு,
யார் வேண்டுமானாலும் முடியும், என்றாள்.
அதற்கும் கோபம் வந்தது.
அர்லீனோடு அதே கயிற்றை இழுத்த ஷெவோனா
அதே பத்து வருடமும் இழுத்தாள்,
முதல் சுற்றைத் தாண்டவில்லை.
அவள் எச்சிலை யாரும் கேட்கவில்லை.

டிசம்பரில் வீட்டுக்கு வந்தாள்.
சந்தை முனையில் கோஸ்டர் பஸ் நகரத் தொடங்கியது.
ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. ஓடினோம்.
எனக்கு ரப்பர் செருப்பு, கையில் கிழங்குப் பை.
முதல் பத்து எட்டு வரை நான்தான் முன்னால்.
சத்தியமாக. கேரட் விற்கும் மிஸ் ஐவிலின் பார்த்தாள்.
பதினோராவது எட்டில் பக்கத்தில்
கதவு திறந்தாற்போல் காற்று.
என் முகம் என்னைத் தாண்டிப் போனது.

பார்த்தேன். பக்கவாட்டில் பார்க்கிறவள் அல்லவா.
தாடை தளர்ந்து, கண் எதிலும் ஒட்டாமல்,
எனக்குள்ளிருந்து யாரும் எடுத்துப் பார்க்காத ஒன்று
பூப்போட்ட பாவாடையில் ஓடிக்கொண்டிருந்தது.

படியைத் தாண்டினாள். ஓட்டுநரைத் தாண்டினாள்.
பஸ்ஸையே தாண்டி இன்னும் முப்பது எட்டு போன பிறகே
வேகம் தணிந்தது.
கோட்டில் நிற்காதே, நிற்காதே என்று
பழக்கிய கால்கள்.
நான் படியில் ஏறி நின்றிருந்தேன்.

நடத்துனர் என்னைப் பார்த்தான்,
சாலையில் மூச்சு வாங்கும் என்னையும் பார்த்தான்.
'உங்களில் உலகத்திலேயே வேகமானவள் யார்?'
'முதலில் பஸ்ஸை நிறுத்து,' என்றேன்.
'இரண்டு பேருக்கும் காசு என்னிடம்தான் இருக்கிறது.'